மூன்றாம் பத்தி

அயோத்தியாப்பட்டணம் நர்சரிக்காரர்
"மேலயும் வருங்க" என்றுதான் விற்றார்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
தென்னங்கன்று என் மடியில்.
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

நாகலூர் எஸ்டேட் ஆபீசில்
காபி எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் என்னுடையது.
கோடு போட்டு மூன்று பத்தி.
நிற்பவை: கூந்தல்பனை, சிற்றீச்சை.
இவற்றை யாரும் நடவில்லை,
எனக்கு முன்பே இங்கே குடியிருப்பவை.
போனவை: ஓமலூர்ப் பனங்கொட்டை ஏழு.
ஆறு முளைக்கவே இல்லை.
ஏழாவதைப் பன்றி கிளறியது;
அதையும் குளிரின் கணக்கில் எழுதியது தப்புதான்.
மூன்றாம் பத்திக்குத் தலைப்பு இல்லை.
பாக்கு அதில் ஐந்து வருடமாக நிற்கிறது,
பாளை விடாமல்.

மரமா என்றால் அதுவும் இல்லை.
வெளியே வயிரம், உள்ளே சோறு;
பள்ளியில் புல் என்றுதான் படித்தேன்.
சொன்னதும் பூங்காயி
காபிக் கூடையை இறக்கிவைத்து
கன்றை ஒரு சுற்று சுற்றிவந்தாள்:
"இம்புட்டு வெலைக்குப் புல்லா?"

மார்கழி பதினெட்டு. பாதரசம் எட்டில்.
சில்வர் ஓக் உச்சி தெரியாத பனி.
சாக்குப் போர்த்தியிருந்தேன்;
சாக்கு நனைந்து அதுவே குளிராகிவிட்டது.
தை பிறந்ததும் குருத்தை இரண்டு விரலால் இழுத்தேன்,
பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல.

முழுசாகக் கையோடு வந்தது.
அடியில் பழுப்பு. புளித்த மாவின் வாடை.

வேம்பு என்றால் வெட்டிய இடத்தில் துளிர்க்கும்.
இதற்கு உயிர் ஒரே இடத்தில்.
அந்த இடத்தில் இப்போது
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

ஸ்டோரில் மயில்துத்தம் ஒரு பிடி எடுத்து
சுண்ணாம்போடு கரைத்து ஊற்றினேன்.
நீலமாக இறங்கியது.
ஸ்டாக் புத்தகத்தில் எழுதவில்லை.
இரண்டாம் பத்தியில் மட்டும் எழுதினேன்: தென்னை, ஒன்று.

கோடை விழாக் கூட்டம் வந்து போனது.
வைகாசி மழைக்குப் பிறகு ஓட்டைக்குள் ஏதோ.
கசங்கி, பாதி வெந்து,
மடிப்புப் பிரியாத ஓர் இலை,
வலப்பக்கம் மட்டும் பச்சை.

"காய்க்குமா?" என்றாள் பூங்காயி.
காய்க்காது.
"அப்ப எதுக்கு?"

இரண்டாம் பத்தியில் பெயரை அடித்தேன்.
மூன்றாவதில், பாக்குக்குக் கீழே எழுதினேன்.
தலைப்புக்கு விட்ட இடத்தில்
எந்த நாளிலோ அவசரத்தில்
எடை கூட்டிப் பார்த்திருக்கிறேன் போல:
நாற்பத்திரண்டே கால் கிலோ.

இருக்கட்டும்.