ஏழாம் வட்டாரத்துக்கு ஐப்பசி மாத அறிக்கை

வணக்கம்.
கோயில் ஒலிபெருக்கி இன்றைக்கு எனக்கு.
பூசைக்கு முன்னால் முடிக்கச் சொன்னார் தர்மகர்த்தா.
மழைக்கு முன்னால் முடிக்கப் பார்க்கிறேன்.

விளக்கு.
ஒன்பது கேட்டேன், நான்கு வந்தது.
அதில் ஒன்று மெம்பர் வாசலில் எரிகிறது என்று
பீலிக்கரையில் பேசியது காதில் விழுந்தது.
உண்மைதான்.
கம்பம் அங்கே நின்றது,
நான் பிறக்குமுன் யாரோ நட்டது.
ஆனாலும் செவ்வாய்க்கிழமை கழற்றச் சொல்லி
ஆரோக்கியம் அண்ணன் விழுந்த வளைவில் மாட்டவைத்தேன்.
இந்தத் தாளை டோர்ச் வெளிச்சத்தில் எழுதினேன்.
நடுவில் தடுமாறினால் அதுதான் காரணம்.

பாலம்.
சபையில் எழுந்து நின்று கேட்டேன்.
இந்தக் கரை தோட்டத்துக்காம்,
அந்தக் கரை சபைக்காம்,
நடுவில் ஓடுகிற தண்ணீர் யாருக்கென்று
தவிசாளர் கோப்பைப் புரட்டினார்.
கோப்பில் தண்ணீர் இல்லை.
முந்தாநாள் அது
ரெஜினாவின் கொழுந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு போனது.
பதினெட்டுக் கிலோ இருக்கும்.
தராசில் ஏறாத கொழுந்துக்கு
அரைப்பேர் போட்டார் கணக்கப்பிள்ளை.
அதையும் சபையில் சொன்னேன்.
அது சபையின் வேலை இல்லையாம்.
தெரியும், குறிப்பில் ஏறட்டும் என்றேன்.

குறிப்பு சிங்களத்தில் வந்தது.
மொழிபெயர்ப்பாளர் கதிரையில்
இரண்டு வருடமாகக் குடைதான் உட்கார்ந்திருக்கிறது.
டவுன் பார்மசியில் வேலை செய்யும் இமேஷா
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துச் சொன்னாள்:
‘கௌரவ உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்.’
நான் பேசியது அவ்வளவுதான்.
அவளுக்கு என்னவோ போல ஆகிவிட்டது,
இருமல் மருந்துக்குக் காசு வாங்கவில்லை.

சிறுத்தை.
குப்பை லொறி மேற்பிரிவுக்கு ஏறுவதில்லை.
குப்பைக்கு நாய் வருகிறது,
நாய்க்கு அது வருகிறது.
வனஜீவிக்காரர்கள் வந்து தடம் அளந்தார்கள்.
பெரிய தடத்தின் பக்கத்தில்
பால் டின் மூடி அளவில் ஒன்று.
அதைப் பார்த்தபிறகு
முறைப்பாடு எழுத எனக்குக் கை வரவில்லை.
லொறியைப் பற்றி எழுதினேன்.

முகவரி.
லயத்துக்கு இலக்கம் வேண்டும்,
கடிதம் காம்பராவுக்கு வரவேண்டும் என்று
இருநூற்றுப் பதினொரு கையெழுத்தோடு மனுக் கொடுத்தோமே,
அதைப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள்.
எனக்கு அழைப்புக் கடிதமும் போட்டார்கள்.
அது தோட்ட ஆபீஸ் மேசையில் படுத்துக்கிடந்து
கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள்
என் கைக்கு வந்தது.
சிரிக்காதீர்கள்.
சரி, சிரியுங்கள். நானும் சிரித்தேன்.

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

ஆறாம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பு
ஆவணியில் விரல் நுழைகிற அளவு.
இன்று காலை என் கை முழங்கை வரை போனது,
உள்ளே ஈரம், அதற்கும் உள்ளே காற்று.
அதிகாரிகள் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்:
அபாயம், வெளியேறவும்.
எங்கே என்று பலகையில் இல்லை.

பாடசாலை மண்டபத்துக்குக் கேட்டேன்.
அதிபர் எழுத்தில் எதுவும் தரவில்லை,
திறப்பைத் தந்தார்.
இதோ, என் தாலிக்கயிற்று ஊசியில் தொங்குகிறது.
ஆறாம் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும்
இன்றிரவே இறங்க வேண்டும்.
பாய், அரிசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்.
காளிதாஸ், உன் டிவியை விடு.
புஷ்பகாந்தி கோழிகளைக் கொண்டுவரட்டும்,
அதிபருக்கு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

தர்மகர்த்தா ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.
தகரத்தில் விழத் தொடங்கிவிட்டது, கேட்கிறதா.
மற்ற விஷயங்கள் கார்த்திகையில்.

வளைவு வரைக்கும் விளக்கு இருக்கிறது.
அதற்கப்புறம் என் டோர்ச்.
பாயை எடுங்கள்.