உண்டியல்காரி

எனக்குச் சுருதி நிற்காது.
பால்மா ரின்னைக் கையில் தந்தார்
டொமினிக்கா ரீச்சர்:
"நீர் பாடாதையும், குலுக்கினால் காணும்."

பாசையூர் ஒழுங்கைகளில்
பதினொரு குரல்கள், ஒரு ரோர்ச்.
களவுபோன எஞ்சினுக்குப் பதில்
அந்திரேசுக்கு இன்னொன்று வாங்க.

ஒரு வீட்டில் நாய் மட்டும் வந்து கேட்டது.
ஒரு வீட்டில்
"பிள்ளை இப்பதான் நித்திரை, பாடாமல் போங்கோ"
என்று ஆயிரம் ரூபாய்.
முழுப் பாட்டுக்கும் கிடைக்காத காசு!

கடற்கரை வளைவில்
வெளிச்சக்கூடு கட்டாத வீடு.
போன மாசம்தான் செத்தவீடு.
வாயை மூடிக்கொண்டு தாண்டப் பார்த்தோம்.
கேற்றைத் திறந்தா றெஜீனா:
"ஏன் நிப்பாட்டினீங்கள்?
இரண்டாம் குரல் அவர்தானே பாடுறவர்.
எடுங்கோ."

ஒருத்தருக்கும் தொண்டை திறக்கவில்லை.
முதல் அடியைப் பிசகாய் எடுத்தது
நான்.

ரீச்சர் தடுக்கவில்லை.

எஞ்சினுக்கு இன்னும்
நாற்பதாயிரம் குறையுது.