தும்மல் வராத ஜூன்

ஆறு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள்.
துரோம்சோவில், மலைப்பக்கம், இரண்டாம் மாடி.
முழங்கை மடிப்பில் ஊசி,
ஒன்பது குழாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற மூடி.
நோயில்லாமல் மூப்படைகிறவர்கள் பட்டியலில்
என் பெயரும் உண்டு:
துர்குன் ஐலர்ட்சென், எழுபத்தெட்டு.
ஏதோ விருது வாங்கின மாதிரி.

அட்ரீனல் தன் சரக்கு ஒன்றைப்
பாதிக்கும் கீழே குறைத்துவிட்டதாம்.
கார்ட்டிசால் மட்டும்
சாயங்காலம் அடங்க வேண்டியது அடங்காமல்
விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
இங்கே ஜூனில் சூரியனே அடங்குவதில்லை,
அதைப் போய் என்ன குற்றம் சொல்ல.
ஈஸ்ட்ரோஜன் எப்போதோ சொல்லிக்கொண்டு போனது.
சொல்லிக்கொண்டா?
மைனஸ் பதினான்கில் ஜன்னலையெல்லாம் திறக்கவைத்து.

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒன்று,
படைக்கு ஆளைப் பழக்கி அனுப்புகிற இடம்.
இப்போது அங்கே கொழுப்புதான் என்று
டாக்டர் சீவர்ட் வரைந்து காட்டினார்.
புது ஆள் வரத்து அநேகமாக இல்லை.
பழைய ஆட்கள் பெருகிக் கிடக்கிறார்கள்,
அதில் பலர், நான் பிள்ளையாய் இருந்தபோது வந்த
ஏதோ ஒரு வைரஸுக்கு இன்னும் காவல்.

எனக்குப் புரிந்தது.
முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தவள்.
செத்தவர்கள் விலாசமெல்லாம் கைக்குத் தெரியும்,
புதுத் தெரு வந்தால் கை அந்தரத்தில் நிற்கும்.

ஆனால் இதை அவர்கள் கேட்கவில்லை,
படிவத்தில் கட்டமும் இல்லை:

ஜூன் பிறந்து பதினோரு நாள்.
பிர்ச் மரங்கள் மஞ்சள் தூளைக் கொட்டுகின்றன,
கார்க் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம்.
பன்னிரண்டு வயதிலிருந்து
என்னை எழுப்பி எழுப்பி அடித்த தூள்.
படகின் கம்பியில் சாய்ந்து போட்ட ஒரு தும்மலில்
கல்யாண மோதிரம் கடலுக்குப் போனது.
எதிர்வீட்டு ஆஸ்லாக்
என் தும்மலைக் கேட்டுத்தான் கோடைக்கு நாள் குறிப்பான்.

இந்த வருடம் ஒன்றுமில்லை.
கண் அரிக்கவில்லை, மூக்கு காய்ந்து கிடக்கிறது.
வேண்டுமென்றே மரத்தடியில் போய் நின்றேன்.
கிளையைப் பிடித்து உலுக்கக்கூட உலுக்கினேன்,
வாடா சண்டைக்கு என்கிற மாதிரி.

தலையெல்லாம் மஞ்சள்.
உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நிம்மதிதான், பொய் சொல்வானேன்.
இருந்தாலும்
தெரிந்த திருடன் வாசலைத் தாண்டிப் போக
வாலைக்கூட ஆட்டாத நாயைப் பார்த்தாற்போல் இருந்தது.
களைப்பா, சமாதானமா,
எந்தக் குழாய் சொல்லும்?

ஆஸ்லாக் ஜன்னலைத் திறந்தான்:
"என்ன, இன்னும் கோடை வரலையா?"

வந்தாச்சு என்று கத்தினேன்.
அப்போதுதான் கவனித்தேன்,
பிர்ச்சுக்கு ஒரு வாசனை இருக்கிறது.
லேசாகக் கசக்கிறது.