வலதுபக்கக் கிண்ணம்

சனிக்கிழமை நாலரைக்கு
பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ஷட்டில் கூடம்.
விட்டத்தில் புறா, தரையில் அதன் எச்சம்.
தாண்டித் தாண்டி
ஏழு பெண்கள் வாள் எடுக்க வருகிறோம்.

ஆஸ்பத்திரிச் சுவரில் விரல் ஏணி ஒட்டியிருந்தார்கள்.
பதினோராம் படிக்குமேல் என் கை ஏறவில்லை.
மின்வாரியக் கவுண்டரில்
பதினெட்டு வருஷம் முத்திரை குத்திய கை.
கொடியில் துணி போட மகனைக் கூப்பிட்டேன்.
காதில் ஒயரோடு இருப்பவன்
மூன்றாம் சத்தத்துக்குத்தான் வருவான்.

வாள் என்றதும்
"யாரை வெட்டப் போற?" என்றார் இவர்.
அரைக்கிலோ வெண்டைக்காய் எடைகூட இல்லை,
நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு மொட்டு.

ஜெபக்கனி, கல்லூரி மூன்றாமாண்டு,
"ஆன் கார்ட்" என்பாள். முட்டி மடக்கி நிற்போம்.
"கதவைத் தள்ளாதீங்க ஆன்ட்டி,
தபால்பெட்டில லெட்டர் போடுத மாதிரி நீட்டுங்க."

முகமூடி, மாவு சலிக்கிற அரிப்பு.
உள்ளே யாருடைய வேர்வையோ.
புருவம் முளைத்தவள், முளைக்காதவள்
எல்லாருக்கும் ஒரே முகம்.
மைமூன் மட்டும் முக்காட்டுக்கு மேலேயே மாட்டுவாள்:
"புதுமுடி முள்ளாக் குத்துதுட்டி."

அங்கிக்கு அடியில் பிளாஸ்டிக் கவசம்,
ஒரே அச்சில் வார்த்த இரண்டு கிண்ணம்.
செய்தவன் எங்களை நினைக்கவில்லை.
என் வலது கிண்ணத்தில்
முதல் வாரம் கைக்குட்டை,
அடுத்த வாரம் கைத்துண்டு,
அப்புறம் காற்று.

இந்த விளையாட்டில் குத்துவதைத்
தொடுவது என்றுதான் சொல்கிறார்கள்.
தொட்டால் ஒரு புள்ளி.

மைமூன் என் வயிற்றைத் தொட்டாள்,
இடது தோளைத் தொட்டாள்.
வலதுக்கு வரும்போது மட்டும்
அவள் வாள் வளைந்து விலகும், நாலு வாரமாக.
டாக்டர் தொட்டார்.
கதிர் அறையில் மைக்கோடு போட்ட பையன்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொட்டான்.
இவர் கட்டிலில் சுவரோடு ஒட்டிப் படுக்கிறார்,
எனக்கு வலிக்குமாம்.

முகமூடியை ஏற்றிச் சொன்னேன்.
"ஏட்டி, அங்கன குத்து."
"வலிக்கும்லா?"
"ஒண்ணுமே இல்லாத எடத்துல என்னட்டி வலி?"
பொய்தான். மழைக்கு முந்தினநாள் வலிக்கும்.

வந்தாள்.
டொக்.
காலிக் குடத்தைச் சுண்டின சத்தம்.
புறா ஒன்று எழுந்து மறு விட்டத்துக்குப் போனது.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
வந்தது நிற்கவில்லை.
மைமூன் வாளைக் கீழே வைத்தாள்.
கைமுட்டியால் தன் கவசத்தில் தட்டினாள்,
வலது: டொக்.
இடது: டொக்.

அவளுக்கு ரெண்டும் என்று
அதுவரை எங்களுக்குத் தெரியாது.

ஐந்துக்கு மூன்று, தோற்றேன்.
ஐந்தில் ரெண்டு அங்கன வாங்கினது.

ராத்திரி இவர் வழக்கம்போல் சுவரோடு ஒட்டினார்.
ஒற்றை விரலால் முதுகில் தட்டி
"ஆன் கார்ட்" என்றேன்.
"என்னது?" என்று பாதி திரும்பினார்.

சொல்லவில்லை.
மீதியும் திரும்பட்டும்.