பைய

காற்றாடி இறகு ஏற்றிய லாரி திரும்புவதற்கென்று
ராதாபுரம் தாண்டி, திசையன்விளை போகிற பாதையில்
ஒரு வளைவை அகலமாக்கிப் போட்டிருக்கிறார்கள்.
இறகு ஐம்பத்தேழு மீட்டர்.
கம்பெனியில் சொன்னது, நான் அளக்கவில்லை.
முன்னால் தவசிக்கனி ஓட்டுவான்,
என்னோடு ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன்.
கடைசி அச்சுக்குப் பக்கத்தில் நடந்தபடி
ரிமோட்டில் பின்சக்கரங்களைத் திருப்புவது என் வேலை.
அவன் முகம் கடலுக்குத் திரும்பிய பிறகும்
என் பக்கம் வெகுநேரம்
பனங்காட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் நடைவேகம்.

ஞாயிறு, கோயில் மணிக்கு முன்னால்,
அதே வளைவுக்குத் தனியாக வருவேன்
கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் எடுத்து
பதினெட்டுத் தவணை பாக்கியிருக்கிற
எழுநூற்றுத் தொண்ணூறு சிசியோடு.

ஆனி என்றால் காற்று
தேரிமணலைக் கொண்டுவந்து தாரில் தடவியிருக்கும்,
தோசைக்கல்லில் எண்ணெய்போல.
முதலில் நடந்து பார்ப்பேன், செருப்பால் தேய்த்து,
சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே விடுகிறது.
சாணி கிடந்தால் ஒதுக்குவேன்.
ஆடு வருகிற நேரம் இல்லை.

பிறகு நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு.
எஞ்சின் அலறும்.
பின்சக்கரம் என்னைக் கேட்காமல் வெளியே கிளம்பும்.
போகட்டும்.
ஹேண்டில்பார் வளைவுக்கு எதிராகத் திரும்பும்;
நான் திருப்புவதில்லை, தடுப்பதில்லை, அவ்வளவுதான்.
வெளிப்பக்கக் காலில் மொத்த எடை.
கண், அந்தக் கடைசி மைல்கல்லில்.
வண்டி ஒரு பக்கம் பார்க்கிறது
நான் ஒரு பக்கம் பார்க்கிறேன்
இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம்.

சறுக்குவதில் பயமில்லை.
பிடித்துக்கொள்வதில்தான்.

போன வருஷம் நாய் குறுக்கே வந்தது.
ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டேன்.
டயர் தரையைக் கவ்வியது.
அடுத்த நொடி நான் ஆகாயத்தில்.
தலைகீழாகப் பார்த்தாலும் காற்றாடி
அதே திசையில்தான் சுற்றுகிறது.
நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது.

வள்ளியூரில் காறையெலும்புக்குத் தகடு வைத்தார்கள்.
தவசிக்கனி நாலு ஆரஞ்சோடு வந்தான்,
உட்காருவதற்குள் புலம்பினான்:
‘ஒனக்குப் பதிலா ஒருத்தனப் போட்டானுவ மக்கா.
பாதி வளைவுல பயந்துபோயி
பின்வீல சட்டுனு நேராக்கிட்டான்.
டீக்கடைக் கூரைய இறகு வாரிக்கிட்டுப் போயிட்டு.
ரெண்டு பாய்லரு. ஒரு முழு வாழைத்தார்.’
சிரிக்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர்.
சிரித்தேன். தகடு வலித்தது.
ஏன் சிரிக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.
ஆரஞ்சை அவனே உரித்துத் தின்றான்.

இப்போதும் ஞாயிறு வருகிறேன்.
மணல் விடுகிற இடத்தில் ஒரு முழம்
கறுப்பாக ரப்பர் ஒட்டியிருக்கும்.
திங்கள்கிழமை இறகு அதன்மேல் ஊர்ந்து போகும்,
கட்டிய டீக்கடையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்,
பாய்லரைக் கையில் தூக்கிக்கொண்டு.
முன்னாலிருந்து தவசிக்கனி வாக்கிடாக்கியில் கேட்பான்:
‘பின்னால என்னல ஆச்சு?’

வருது, என்பேன்.
பைய வருது.