நாலரை

காந்தி ரோட்டு லாட்ஜ், மூன்றாம் மாடி.
பாத்ரூம் மூலைக்கு இன்னும் பன்னிரண்டு டைல்ஸ்
வெட்டியாக வேண்டும்.
பக்கத்து அறைக்காரர் வந்து நின்றார், கல்கத்தா பக்கம்.
கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார்.
மனைவிக்குக் காலையில்தான் மருந்து ஏற்றினார்களாம்.
நாலு விரல் நீட்டி, ஐந்தாவதைப் பாதி மடக்கினார்:
நாலரை.

பிளக்கைப் பிடுங்கினேன்.
சும்மா இருந்தால் மேனேஜர் கத்துவார் என்று
மிஷினை மடியில் போட்டுக்கொண்டேன்.
காற்றுத் துவாரமெல்லாம் வெள்ளைப் புழுதி.
கார்பன் இரண்டும் தேய்ந்து
கைக்குழந்தை பல் அளவுக்கு நின்றன.
காலையில் உள்ளே நீலமாய்ப் பொரிந்தது இதனால்தான்.
லாங் பஜாரில் வாங்கிய புது ஜோடி
பீடிக் கட்டோடு சட்டைப் பையில் கிடந்தது.

பிளேடைத் தட்டிப் பார்க்கணும்.
தட்டவில்லை.
ஜன்னலில் தூக்கிப் பிடித்து விரிசல் தேடினேன்.
நடு ஓட்டைக்குள் வெயிலில் வெந்த மலை, ஒரு துண்டு.

மூலையில் கிடந்த கார்டையும் தேடி மாட்டினேன்.
எத்திராஜுக்கு இடது கையில் மூன்று விரல்.
அவன் இன்னமும் கார்டு போடுவதில்லை.

நாலரைக்கு அவரே வந்தார்.
மஸ்தான் சாப்பிடப் போனவன் போனவன்தான்.
புதுக் கார்பன், கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டேன்.
கோட்டின் மேல் தண்ணீர் விட ஆளில்லை என்று
அவருக்கு எப்படிப் புரிந்ததோ,
வாளியில் மக்கை முக்கி எடுத்தார்.

நூல் மாதிரி ஊற்றினார், கை நடுங்காமல்.
பன்னிரண்டிலும்
ஓரம் ஒன்றுகூடப் பெயரவில்லை.