இருநூற்று நாற்பது லிட்டர்

டிக்கி இருநூற்று நாற்பது லிட்டர் மேடம் என்றான்
காளவாசல் ஷோரூம் பையன்.
லிட்டரா?
பாலும் பெட்ரோலும் அளக்கிற அளவில்
மூட்டை முடிச்சை எப்படியப்பா அளப்பது?
நிரப்பிப் பார்த்தாத் தெரியும் மேடம்.
டை இறுக்கிய கழுத்தில் அவனுக்கு வேர்க்குரு.

செல்லூரில் எங்களுக்கு இரண்டு அறை, ஆறு பேர்.
கதவுகள் உண்டு. தாழ்ப்பாள் ஒன்றும் பொருந்தாது.
முப்பத்தொரு வயதில்
நானே பூட்டி நானே திறக்கிற முதல் கதவு இது.
சாத்தினால் தகர டப்பா சத்தம்.
ஏழு வருஷத் தவணை.

ஹைகோர்ட் வாசலில்
வேப்ப நிழல் பிடிக்க எட்டரைக்கே வர வேண்டும்.
ஒரு மணிக்கு கோர்ட் கலைந்ததும்
பின் சீட்டில் ஏறிக்கொள்வேன்.
முன் சீட்டைக் கம்பி இழுத்துத் தள்ளினால்
கால் நீட்ட ஒரு சாண் கூடும்.
கறுப்பு கவுன் ஜன்னலுக்குத் திரை.
கழுத்துப் பட்டை கியர் தண்டில் தொங்கும்.
ஏசி இரண்டில்; மூன்றில் வைத்தால் இன்ஜின் இருமும்.
பம்ப் கர்ர் கர்ர் என்று இழுக்க
இடது நூறு மில்லி, வலது எழுபது.
கப் வைக்கிற குழியில் பாட்டில்
அளவெடுத்ததுபோல் உட்காரும்.
குழி வரைந்தவன் காபியை நினைத்திருப்பான், பாவம்.

என்னம்மா, முட்டி இடிக்கலையா இதுல,
ஏறப் படி வைத்த வண்டியிலிருந்து
குனிந்து கேட்டார் ஒரு சீனியர்.
இடிக்குது சார்.
என் முட்டி, என் வண்டி.

பாண்டிமீனாவின் சாமான்களை
அவள் எடுத்துக்கொள்ளலாம் என்று
மேலூரில் உத்தரவான மறுநாள்
பேசி வைத்த மினி வேன் வரவில்லை.
ஓட்டுகிறவன் புருஷனுக்குப் பங்காளி.
பெண் போலீஸ் வாட்சைப் பார்த்தார்.
நான் பின் சீட்டை மடித்தேன்.
இரண்டாகப் பிரிந்து மடியும் அது:
ஒரு பக்கம் சாமான், ஒரு பக்கம் பிள்ளை.

சீர்வந்த பித்தளை அண்டா,
அண்டாவுக்குள் போர்வை, போர்வைக்குள் மிக்சி.
கிரைண்டர் குழவியோடு.
தையல் மெஷினில் தலை மட்டும்;
கால் கிடாரிப்பட்டியிலேயே நின்றுவிட்டது.
டேபிள் ஃபேன், ஸ்கூல் பை,
சார்ட்டில் ஒட்டிய சூரியக் குடும்பம்
கசங்காமல் கூரைக்கும் மூட்டைக்கும் நடுவே.
பையன் மடியில் ஒரு செவலைக் கோழி.
கோழி பட்டியலில் இல்லை.
பெண் போலீஸ் வேலியோரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டில் கொள்ளவில்லை.
திரும்ப வந்து எடுக்கலாம், உத்தரவில் இருக்கு என்றேன்.
அது வேண்டாம்க்கா என்றாள்.
உத்தரவுலயே கிடக்கட்டும்.

அழகர்கோவில் ரோட்டில்
வேகத்தடைக்கெல்லாம் அடிவயிறு உரசியது வண்டிக்கு.
இந்த சீட் சாயுமாக்கா?
பக்கத்துப் பிடியைக் காட்டினேன்.
பின்னால் அண்டா தட்டும்வரை சாய்ந்தாள்.
அவ்வளவுதான் இடம், நாலு விரல் இருக்கும்.
அதற்குள் தூங்கிப்போனாள்.
ஏசிக் காற்றுக்குக் கோழியும் கண் செருகியது.
மூன்றில் வைத்தேன். இருமிக்கொண்டே இழுத்தது இன்ஜின்.
பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து,
மூன்றுமாவடி சிக்னலில்
சீட் பெல்ட்டை மாரிலிருந்து
தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முழித்து விடுவாளோ என்று
ஹாரன் அடிக்கவில்லை.
பின்னால் நின்றவன் இரண்டு பேருக்கும் சேர்த்து அடித்தான்.
அவள் முழிக்கவில்லை.

மறுநாள் ஒரு மணி.
சீட் இடுக்கில் ஒரு செவலை இறகு,
பாய் மேட்டில் புளியங்கொட்டை, நெல் உமி,
சனிக் கிரகம் மட்டும் சார்ட்டிலிருந்து பிய்ந்து
கூரையில் ஒட்டியிருந்தது, வளையத்தோடு.
கவுனை ஜன்னலில் செருகினேன்.
ஏசி இரண்டில்.
இடது தொண்ணூறு.
வலது எண்பத்தைந்து.